தாழ்ப்பாள் தேவி

எனக்கு மூக்கு நுனியில கோபம்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. நான் மறுக்கல. இருபத்தெட்டு வருஷமா ஒரு பதிப்பகத்துல உக்காந்து அகராதியும் கலைக்களஞ்சியமும் தொகுக்கிறவளுக்குக் கோபம் வராம என்ன வரும்? நாலு வரியில சொல்ல வேண்டியதை நாப்பது வரியில எழுதிக் கொண்டுவருவாங்க. நான் வெட்டித் தள்ளுவேன். அதனால எனக்குக் ‘கத்திரி’ன்னு பேர் வச்சிருக்காங்க. முதுகுக்குப் பின்னாலதான் சொல்றதா நினைப்பு, ஆனா எனக்குக் காது நல்லாவே கேக்கும்.

போன மாசம் எங்க உலகப் புராணக் களஞ்சியத்தோட ரெண்டாம் பதிப்பு முடியிற கட்டத்துல இருந்துச்சு. முதல் பதிப்பு வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. எழுநூறு பக்கம், ஆயிரத்து நூத்துச் சொச்சம் பதிவு. எந்த ஊர்ல எந்தப் பாம்பு பூமியைச் சுத்திக்கிட்டுக் கிடக்கு, எந்தச் சாமி கோபிச்சுக்கிட்டுக் குகைக்குள்ள போய் ஒளிஞ்சதுல உலகமே இருண்டு போச்சு, யார் யாரோட நெருப்பைத் திருடினான், எல்லாம் அகர வரிசையில இருக்கும். அதைச் சரிபார்க்கப் புதுசா ஒருத்தரைப் போட்டிருந்தாங்க. அதுக்கு முன்னாடி அவர் மருந்துக் கம்பெனியில, மாத்திரைப் பெட்டிக்குள்ள மடிச்சு வைக்கிற காகிதத்தைச் சரிபார்த்தவர். ஒரு புள்ளி தப்பினா ஆள் செத்துருவான்னு பழகின மனுஷன். ரெண்டு ஆதாரம் இல்லாம எதையும் நம்ப மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில அந்த மருந்துக்காரர் என் மேஜைக்கு வந்து நின்னார்.

“மேடம், இந்த ‘வெயூனா’ பதிவு ரொம்பச் சின்னதா இருக்கு. மத்த புத்தகத்துல இன்னும் கொஞ்சம் சேதி இருக்கு. ரெண்டு வரி சேர்த்துரலாமா?”

என் கையில இருந்த டீ பாதி மேஜையில கொட்டிடுச்சு.

“எந்த மத்த புத்தகம்?”

“நாலு புத்தகம் மேடம். நாலும் ஒத்துப்போகுது.” முகத்துல அப்படி ஒரு பெருமை.

“ஒத்துப்போகாம என்னங்க செய்யும்? அப்படி ஒரு சாமியே கிடையாது. நான்தான் எழுதினேன். இதே நாற்காலியில உக்காந்து.”

அவர் என்னைக் காய்ச்சல்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். “மேடம், நாலு புத்தகத்துல இருக்கு,” அப்படின்னார் மறுபடியும், மெதுவா, எனக்குப் புரியட்டும்னு.

தலையில அடிச்சுக்கிட்டு உக்கார வச்சு விளக்கினேன். எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் உண்டு. கலைக்களஞ்சியம் போட்டா, உள்ள ஒரே ஒரு பொய்ப் பதிவு வைப்போம். இல்லாத ஒரு ஊர், இல்லாத ஒரு பூச்சி, இந்த மாதிரி. நாங்க அதுக்கு வச்ச பேர் எலிப்பொறி. உண்மையை யார் வேணும்னாலும் எழுதலாம், அது எங்க சொத்து இல்ல. ஆனா எங்க பொய் இன்னொருத்தன் புத்தகத்துல இருந்துச்சுன்னா, அவன் உக்காந்து நம்ம புத்தகத்தை அப்படியே சுட்டிருக்கான்னு அர்த்தம். உடனே நோட்டீஸ் போகும். புராணக் களஞ்சியத்தோட எலிப்பொறிதான் வெயூனா.

“அப்போ நாலு பேர் மாட்டியிருக்காங்க,” அப்படின்னார் மருந்துக்காரர். அவருக்குக் குரலே கம்மிடுச்சு. பாவம், நாலு ஆதாரமும் ஒரே நிமிஷத்துல போச்சே.

விஷயம் முதலாளி காதுக்குப் போச்சு. அவர் ரெண்டே வார்த்தையில முடிச்சார். இந்தத் தடவை புத்தகம் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போகுது, பொய் ஒண்ணும் வேணாம், எடுத்துருங்க. சுட்டவங்களுக்கு நோட்டீஸ் அனுப்புங்க. வெள்ளிக்கிழமை அச்சு.

சரின்னுட்டு வந்து உக்காந்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். கோடு போட முடியல. ஆயிரக்கணக்குல வெட்டின கை, ஏழு வரியை வெட்ட மாட்டேன்னு அடம்பிடிச்சுது. ஏன்னு எனக்குத் தெரியும். என் தங்கச்சிக்கு நான் எழுதின கடிதம்னு உலகத்துல ஒண்ணு இருந்தா, அது அந்த ஏழு வரிதான்.

சின்னவ என்னைவிட ஒன்பது வயசு இளையவ. அப்பா அம்மா போனப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒரு மாடி வீட்டுல குடியிருந்தோம். அந்த வீட்டுக் கதவு ஒரு ராங்கிக்காரி. கொஞ்சம் வேகமாச் சாத்தினா உள்பக்கத் தாழ்ப்பாள் தானா விழுந்துரும், நாம வெளியே நிக்க வேண்டியதுதான். முதல் தடவை நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டினேன். சின்னவதான் ஒரு ஸ்பூன் காம்பை வளைச்சு, கதவு இடுக்குல விட்டு, தாழ்ப்பாளைத் தூக்கிக் காட்டினா. அன்னிலேருந்து அந்த ஸ்பூன் வாசல்ல இருந்த பூந்தொட்டிக்கு அடியில இருக்கும். எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

புராணக் களஞ்சியம் ஆரம்பிச்சப்போ அவளையும் ஆபீஸ்ல சேர்த்துவிட்டேன். பதிவுப் பட்டியல் பூரா அவ கையெழுத்துதான், ஒரு பதிவுக்கு ஒரு கார்டுன்னு செருப்புப் பெட்டிகள்ல அடுக்கி வச்சிருப்பா. நல்லா எழுதுவா. ரொம்ப நல்லா எழுதுவா. அதுதான் எங்களுக்குள்ள பிரச்சினையே.

வடக்கே பனிக்கடல் ஓரத்து மக்களுக்கு ஒரு கடல் தாய் உண்டு. பெத்த அப்பனே அவளைப் படகுலேருந்து தள்ளிவிட்டான். அவ படகு விளிம்பைப் பிடிச்சுத் தொங்கினப்போ விரலை எல்லாம் வெட்டிட்டான். வெட்டுன விரல்தான் கடல் நாயாவும் திமிங்கலமாவும் ஆச்சுன்னு சொல்றாங்க. அவ கடலுக்கு அடியில இருக்கா. அவளுக்குக் கோபம் வந்தா வேட்டை கிடைக்காது. அப்போ அந்த ஊர்ப் பூசாரி அடியாழத்துக்கு இறங்கிப்போய், சிக்குப் பிடிச்ச அவ தலைமுடியைச் சீவிவிடுவாராம். அவளுக்குத்தான் விரல் இல்லையே, தானா சீவிக்க முடியாதே.

சின்னவ இதை நானூறு வார்த்தையில எழுதியிருந்தா. நான் அறுபதா வெட்டினேன். தலை சீவுறதை மொத்தமா எடுத்துட்டேன்.

“அக்கா, அந்தத் தலை சீவுறதுதான்க்கா கதையே. அதை எடுத்துட்டா மீதி வெறும் மீன் வியாபாரம்.”

“யாரு, எங்க, என்ன அதிகாரம். முடிஞ்சுது. இது களஞ்சியம், உன் கதாகாலட்சேபம் இல்ல.”

அதோட நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிக்கல. ஆபீஸ்ல எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்க, “உனக்குக் கதை விடத்தான் தெரியும், வேலை தெரியாது. நான் இல்லன்னா உன்னை எவன் சேர்த்திருப்பான்?” அப்படின்னு கேட்டுட்டேன். சின்னவ எழுந்து நடந்தா. வீட்டுக்குப் போய்ப் பையைக் கட்டினா. நான் பின்னாலயே போய் வாசலுக்கு உள்பக்கம் நின்னு இன்னும் நாலு வார்த்தை சொன்னேன், புத்தி கெட்டவ. “இனிமே உன் வாசல்படியை மிதிக்க மாட்டேன்,” அப்படின்னு சொல்லிட்டுக் கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனா. தாழ்ப்பாள் டொக்குன்னு விழுந்துச்சு.

மறுநாள் அந்தத் தாழ்ப்பாள் விழாதபடி அதை ஒரு நூலால தூக்கிக் கட்டி வச்சேன். இப்ப வருவா, நாளைக்கு வருவான்னு இருந்தேன். அந்த வாரம்தான் எலிப்பொறி எழுத வேண்டியிருந்துச்சு. அது சின்னவ எழுதறதா இருந்தது, அவ இல்ல, நானே எழுதினேன்:

‘வெயூனா: வடதீவு மீனவர்களின் சிறு தெய்வம். வீட்டுக் கதவின் உட்புறத்தில் வாழ்பவள். வீட்டிலிருந்து எவரேனும் கோபித்துக்கொண்டு வெளியேறினால், அவர் திரும்பி வரும்வரை தாழ்ப்பாள் விழாமல் கையால் தாங்கிப் பிடித்திருப்பாள். ஆகவே அவளால் உட்காரவோ உறங்கவோ இயலாது. இவளுக்குக் கோயில் இல்லை.’

மூணு வாரம் ஆச்சு. அவ வரல. முதல் பக்கம் அச்சுக்குப் போற அன்னிக்கு, தொகுப்பாசிரியர்கள்னு எங்க ரெண்டு பேர் பேரும் இருந்துச்சு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்துச்சோ, அவ பேர் மேல ஒரு கோடு போட்டேன். சாயங்காலமே மனசு கேக்காம அச்சகத்துக்கு ஓடினேன். அடிச்சு முடிச்சிருந்தாங்க. அஞ்சுல ரெண்டு பங்கு புத்தகத்தை எழுதினவ பேர் இல்லாம புத்தகம் வந்துச்சு. அப்புறம் அவ நம்பரை மாத்திட்டா. அந்த வீட்டை இடிச்சாங்க, நானும் வேற இடம் போயிட்டேன். அவ எங்க இருக்கா, எப்படி இருக்கா, ஒண்ணும் தெரியாது. பதினஞ்சு வருஷமா இந்தக் கல்லைச் சுமந்துக்கிட்டுத்தான் ஊரார் எழுத்தை எல்லாம் வெட்டிக்கிட்டிருந்தேன்.

புதன்கிழமை மருந்துக்காரர் நாலு புத்தகத்தையும் கொண்டுவந்து வச்சார். நோட்டீஸ்ல பக்க எண் குறிக்கணுமே. முதல் மூணும் புதுசா வந்த தடித்தடியான களஞ்சியங்கள். அப்படியே சுட்டிருந்தாங்க, ‘ஆகவே’யைக்கூட மாத்தல. வெட்கம் கெட்டவங்க. நாலாவது குழந்தைகளுக்கான படப் புத்தகம், இருபத்துநாலு பக்கம், உலகத்துச் சின்னச் சின்ன சாமிகளைப் பத்தினது. எலிப்பொறி தேடுறப்போ குழந்தைப் புத்தகத்தை எல்லாம் நான் தொட்டதே இல்ல. அதெல்லாம் ஒரு புத்தகமான்னு ஒரு திமிரு.

“இதுலதான் மேடம் அந்தக் கூடுதல் சேதி இருக்கு,” அப்படின்னு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

படத்துல கதவுக்கு உள்ள ஒரு அம்மா கையை உசத்தித் தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. முகம் கடுகடுன்னு இருக்கு. கீழே எழுதியிருந்துச்சு: ‘வெயூனா அம்மா நின்னுக்கிட்டே இருந்தா கை வலிக்கும் இல்லையா? அதனால வாசல்ல இருக்கிற பூந்தொட்டிக்கு அடியில வளைஞ்ச ஸ்பூன் ஒண்ணு வச்சிருப்பா. திரும்பி வர்றவங்க அந்தக் காம்பைக் கதவு இடுக்குல விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கிக்கலாம்.’

அந்த வரிகளை மறுபடி மறுபடி படிச்சேன்.

“இந்த ஸ்பூன் விஷயம் மத்த மூணுலயும் இல்ல,” மருந்துக்காரர் சொல்லிக்கிட்டே போனார். “ரெண்டாவது ஆதாரம் கிடைக்கல. அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு...”

“ரெண்டாவது ஆதாரம் நான்தாங்க,” அப்படின்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஓன்னு அழுதுட்டேன். கத்திரி அழுவான்னு அந்த மனுஷன் எதிர்பார்க்கல. தண்ணி கொண்டுவந்து வச்சார், அறைக் கதவைச் சாத்தினார், மறுபடி திறந்து, “சாத்தலாம்ல மேடம்?” அப்படின்னு கேட்டுட்டுச் சாத்தினார்.

அவருக்கு எல்லாத்தையும் சொன்னேன். வேற யார்கிட்ட சொல்ல? பொறுமையா கேட்டார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துட்டு, “ஆசிரியர் பேரே போடலையே மேடம்,” அப்படின்னார். அப்போதான் நானும் கவனிச்சேன். அட்டையில இல்ல, உள்ளயும் இல்ல.

அந்தப் பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். எழுதினவங்க முகவரியெல்லாம் தர முடியாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. காப்பி அடிச்சதுக்கு நோட்டீஸ், எழுதினவங்க கையில நேர்ல கொடுக்கணும்னேன். அடுத்த நிமிஷமே முகவரி வந்துருச்சு. பஸ்ல போனா நாப்பது நிமிஷம். பதினஞ்சு வருஷமா நாப்பது நிமிஷத் தூரத்துல இருந்திருக்கா.

மருந்துக்காரர்கிட்ட, “வெள்ளிக்கிழமை அச்சுக்கு முதல் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைங்க,” அப்படின்னேன். “முதலாளி கேட்டா?” “ஆதாரம் வரலைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவார்.”

வியாழக்கிழமை காலையில நோட்டீஸையும் முதல் பக்கத்தோட புது ப்ரூஃபையும் பையில வச்சுக்கிட்டுக் கிளம்பினேன். பழைய களிமண் பலகைக் கதை ஒண்ணு இருக்கு. ஒரு தேவி பாதாளத்துல இருக்கிற தன் அக்காவைப் பார்க்க இறங்கிப் போவா. வழியில ஏழு வாசல். ஒவ்வொரு வாசல்லயும் அவகிட்ட இருக்கிறதை ஒண்ணொண்ணாப் பிடுங்கிக்குவாங்க, கிரீடம், மாலை, துணின்னு. எங்க கதையில அக்காக்காரி நான் ஏறிப் போறேன், அதுவும் மூணே மாடி. முதல் மாடியில மூச்சு போச்சு. ரெண்டாவது மாடியில, பஸ்ல ஒத்திகை பார்த்த பேச்சு மொத்தமா மறந்து போச்சு. மூணாவது மாடிக்கு வந்தப்போ என்கிட்ட வீறாப்புன்னு ஒண்ணும் மிச்சமில்ல.

வாசல்ல ஒரு பூந்தொட்டி இருந்துச்சு. மனசு கேக்கல. குனிஞ்சு தூக்கிப் பார்த்தேன். அடியில வளைஞ்ச ஸ்பூன். கதவு என்னவோ புதுசு, சாவிப் பூட்டு போட்டது, அந்த ஸ்பூனுக்கு அங்க ஒரு வேலையும் கிடையாது.

துரத்திவிட்டா என்ன செய்யப்போறேன்னு எனக்குத் தெரியல. கதவைத் தட்டினேன்.

“திறந்துதான் இருக்கு, தள்ளுங்க,” அப்படின்னு உள்ளேருந்து குரல் வந்துச்சு.

ஜன்னலோரம் மேஜையில உக்காந்து ஏதோ எழுதிக்கிட்டிருந்தா. தலை பாதி நரைச்சிருந்துச்சு. என் தங்கச்சிக்கு நரைக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. நிமிர்ந்து பார்த்தா. எழுந்திரிக்கல. பையிலேருந்து நோட்டீஸை எடுத்து நீட்டினேன், வேற என்ன செய்யறதுன்னு தெரியாம.

வாங்கிப் பிரிச்சு, சத்தமா படிச்சா. “எங்கள் நூலில் இடம்பெற்ற பதிவொன்றைத் தாங்கள் அனுமதியின்றி எடுத்தாண்டது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது...” அதுக்கு மேல படிக்கல. காகிதத்தை மடிச்சு மேஜையில வச்சா.

“ஆறு வருஷம்,” அப்படின்னா.

“என்ன ஆறு வருஷம்?”

“என் புத்தகம் வந்து ஆறு வருஷம் ஆச்சு. தபால்காரர் வர்றப்பல்லாம் எட்டி எட்டிப் பார்க்கிறேன். திருடினா தேடிக்கிட்டு வருவீங்கன்னுதானே வேணும்னே திருடினேன்? ஒரு திருடியைப் பிடிக்க ஆறு வருஷமா? என்ன ஆபீஸ் நடத்துறீங்க?”

“அது பொறின்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“ஆயிரத்து நூத்துப் பன்னிரண்டு கார்டும் என் கையால எழுதினதுக்கா. எழுதாத ஒண்ணு புத்தகத்துல இருந்தா தெரியாதா? கடையில நின்னுக்கிட்டே படிச்சு அழுதேன். அப்பவே வந்திருப்பேன். அதுக்குள்ள முதல் பக்கத்தைத் திருப்பிட்டேன்.” மடிச்ச காகிதத்தை இன்னொரு தடவை மடிச்சா. “தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ, என் பேரை ஏன்க்கா எடுத்த? அதுக்கப்புறம் நான் எந்தப் புத்தகத்துலயும் பேரே போட்டுக்கல, தெரியுமா?”

கோபத்துலன்னு சொல்ல வாய் எடுத்தேன். அது காரணமே இல்லன்னு எனக்கே தெரிஞ்சுது. “தப்புப் பண்ணிட்டேன்,” அப்படின்னேன். “அன்னிக்கு ஆபீஸ்ல பேசினதும் தப்பு, கோடு போட்டதும் தப்பு. நீ வராததை என்னால தாங்க முடியல. மன்னிச்சுக்கோடீ.” இந்த வார்த்தையை என் வாழ்க்கையில யார்கிட்டயும் நான் சொன்னதில்ல.

ப்ரூஃபை எடுத்து அவ முன்னால வச்சேன். தொகுப்பாசிரியர்கள்னு போட்டு, அவ பேர் முதல்ல, என் பேர் ரெண்டாவது. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு மேஜையிலேருந்து பென்சிலை எடுத்தா. ரெண்டு பேரையும் இடம் மாத்துறதுக்கான குறியைப் போட்டா.

“ஏன்டீ?”

“அகர வரிசைப்படி உன் பேர்தான் முன்னாடி வரணும். இதுகூடத் தெரியாம நீயெல்லாம் களஞ்சியம் போடுற.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. அவ எழுந்து வந்து என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. அப்புறம் தோள்ல சாஞ்ச வாக்குலயே கேட்டா, “கடல் தாய்க்கு எத்தனை வார்த்தை?”

“நூத்தம்பது தர்றேன்.”

“நானூறு.”

“பக்கமெல்லாம் மாறிடும்டீ. நாளைக்கு அச்சு.”

“தலை சீவாம நான் பேர் போட விட மாட்டேன்க்கா.”

அங்கேயிருந்தே மருந்துக்காரருக்குப் போன் போட்டேன். முந்நூத்து நாப்பது வார்த்தைக்கு இடம் வேணும்னேன். வெயூனாவை எடுத்ததுல முப்பது வார்த்தைக்கு மேல தேறாது மேடம், மீதிக்கு எங்க போறதுன்னு கேட்டார். முன்னுரை எத்தனை பக்கம்னு கேட்டேன்.

“உங்க முன்னுரையா மேடம்? ரெண்டு பக்கம்.”

“அதை எடுத்துருங்க.”

“முழுசாவா?”

“முழுசா. பக்க எண் மாறினா மாறட்டும், இன்னிக்கு ராத்திரி நானே உக்காந்து திருத்துறேன்.” எதிர்முனையில காகிதம் புரட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், “தங்கச்சியைப் பார்த்துட்டீங்களா மேடம்?” அப்படின்னு கேட்டார். பக்கத்துல இருந்தவகிட்ட போனைக் கொடுத்தேன். “நான் தங்கச்சிதான் பேசுறேன்,” அப்படின்னா. ரெண்டாவது ஆதாரமும் கிடைச்சாச்சுன்னு அந்தப் பக்கம் சந்தோஷமா சொல்றது எனக்கே கேட்டுச்சு.

ரெண்டாம் பதிப்பு வந்துருச்சு. முன்னுரை கிடையாது, கடல் தாய்க்கு முழுப் பக்கம். வெயூனாவை அதுல தேடாதீங்க, எடுத்தாச்சு. பதினஞ்சு வருஷம் நின்னுக்கிட்டே இருந்தவ, இனிமேலாவது கொஞ்சம் உக்காரட்டும்.